பாசிக்குப் போகும் தலைவிகள்

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் பாசிக்குப் போகிற கோலத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, ஒவ்வொரு விரலிலும் துணிச்சுற்று. மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பறித்து இடுப்புப் பையில் சேர்ப்பார்கள். அகார் என்னும் கூழ்ப்பொருள் தயாரிக்கும் ஆலைகளுக்குப் போவது இதுதான்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பிற்பாடு காவல் இறுகியபோது, தலைமுறைகளாகச் செய்த தொழில் குற்றமாகிப் போனது. அப்போது இந்தப் பெண்கள் தாங்களே கூடிப் பேசிச் சில முடிவுகள் எடுத்தார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதம் 12 நாள் மட்டும் கடலுக்குப் போவது. பாறையைக் கெடுக்கும் இரும்புச் சுரண்டியை விடுவது. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் இறங்காமலே இருப்பது. அன்றாட வருமானத்தில் உலை வைக்கிற வீடுகள் இவை. அந்த வீட்டுப் பெண்கள் தங்கள் வருமானத்தைத் தாங்களே குறைத்துக்கொண்டு, ஊர் ஊராக மற்றவர்களையும் இணங்க வைத்தார்கள். தலைமை என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர்களுக்கு முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு வழங்கும் விருது கிடைத்தது. கடல் கடந்து போய் வாங்கி வந்தார்.

ஆனால் நம் கடற்கரையில் தலைமை என்பது பெரும்பாலும் படகோடு ஒட்டி வருவது. படகு ஆண் பெயரில் இருக்கும். படகு இருப்பவர் பேச்சு ஊர்க்கூட்டத்தில் எடுபடும். அதிகாரிகள் வந்தால் அவரைத்தான் தேடுவார்கள். தண்ணீருக்கடியில் வேலை செய்கிற பெண்ணுக்குப் படகும் இல்லை, அந்த இடமும் இல்லை. பெண்கள் தலைமைக்கு வராததற்குத் திறமைக் குறைவே காரணம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. உள்ளாட்சியில் 1994 சட்டம் மூன்றில் ஒரு பங்கையும், 2016 திருத்தம் சரிபாதியையும் பெண்களுக்கு ஒதுக்கியதால்தான் ஊராட்சித் தலைவிகள் இத்தனை பேர் வந்தார்கள். தொழில் சார்ந்த குழுக்களுக்கு அப்படியொரு கட்டாயம் வரவில்லை. அங்கே பழைய வழக்கமே நடக்கிறது.

2023 செப்டம்பரில் பாம்பன் இருக்கும் அதே மாவட்டத்தின் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். விதைப்பாசி, பயிற்சி, விற்பனை எல்லாம் அங்கே முடிவாகும். அந்த முடிவெடுக்கும் மேசையில் பாசிப் பெண்களுக்குப் பாதி இடம் வேண்டும். பயிற்சிக்கு ஆள் சேர்க்கும்போது மட்டும் அவர்களைத் தேடிப் போகக் கூடாது. எந்தப் பாறைத் திட்டு எப்போது ஓய வேண்டும் என்று கடலுக்குள்ளிருந்து தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.