துறைமுக வாசலில் ஒரு விடுதி

கொழும்புக் கோட்டையில், யோர்க் வீதி துறைமுகத்தைச் சென்றடையும் மூலையில் நிற்கிறது கிறான்ட் ஓரியன்டல் ஹோட்டல். 'ஜீ.ஓ.எச்.' என்றால் முதியவர்களுக்கு உடனே விளங்கும். இடையில் சிலகாலம் 'தப்ரபேன்' என்ற பெயரையும் அது தாங்கியிருந்தது.

இது விருந்தினருக்காக எழுந்த கட்டடமன்று. படைவீரர் தங்கிய பாசறை. 1869இல் சுயெஸ் கால்வாய் திறந்ததும் கீழைத்தேயம் நாடிவரும் கப்பல்கள் பெருகின. பொதுவேலைப் பகுதியின் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர் பாசறையை விடுதியாக மாற்றியமைத்தார். கொழும்பு நூதனசாலையும் அவரது கைவண்ணமே. விடுதி 1875 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் வேல்ஸ் இளவரசர் துறைமுக அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். அதுவரை பெருங்கப்பல்கள் காலித் துறைமுகத்தையே நாடின. 1885இல் அணை முடிந்ததும் காலியின் செல்வாக்குச் சரிந்தது. வரப்போகும் கூட்டத்துக்காக முன்கூட்டியே கதவு திறந்த விடுதி இது எனலாம்.

அலங்காரத்தில் காலிமுகத்திடல் ஹோட்டலோடு இது போட்டியிடாது என்பது என் எண்ணம். இதன் செல்வம் அமைவிடமே. இறங்குதுறையில் கால்வைத்த பயணி சிறிது நடந்தால் வாசலை அடைந்துவிடலாம். மேல்மாடி ஜன்னலில் நின்றால் துறைமுகம் கண்முன் விரியும்.

1890 நவம்பரில், சகலின் தீவுக் கைதிகளைக் கண்டு திரும்பும் வழியில், ருஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவ் இலங்கையில் இறங்கினார். இவ்விடுதியில் தங்கினார் என்று அறை எண்ணையும் சொல்லிக் காட்டுவார்கள். அறை எண்ணோடு நின்றுவிடுவதில் எனக்குத் திருப்தியில்லை. இலங்கையைச் சொர்க்கம் என்று வியந்த அவர், இங்கே கருக்கொண்டது என்று சொன்ன கதை எது? 'கூசெவ்'. அதில் தென்னையுமில்லை, யானையுமில்லை. சேவை முடிந்து ஊர் திரும்பும் ஏழைப் படைவீரன் ஒருவன் கப்பலிலேயே நோயால் இறக்கிறான். உடலைத் துணியில் தைத்துக் கடலில் இறக்கிவிடுகிறார்கள். சிங்கப்பூருக்கு வரும் வழியில் இரு உடல்கள் அவ்வாறு கடலில் இடப்பட்டதைச் செக்கோவ் கண்டிருந்தார். சொர்க்கத்தில் இறங்கிய பின்பும் அவர் மனத்தில் நின்றவர்கள் அவர்களே.

அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றேன். கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் கேட்டான்:

"சேர், கூசெவ் உயிரோடு இறங்கியிருந்தால் இந்த வாசலால் உள்ளே விட்டிருப்பார்களோ?"

"விட்டிருக்கமாட்டார்கள்" என்றேன்.

"பாசறையாக இருந்த காலமென்றால் நேரே உள்ளே போயிருப்பான், சேர்" என்றான் அவன்.