தண்ணீர் போன கோட்டை



குஜராத்தின் கட்ச், பரப்பளவில் இந்தியாவிலேயே பெரிய மாவட்டம். அதன் வடமேற்கு மூலையில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டி, லக்பத் என்றொரு ஊர். புஜ் நகரிலிருந்து ஏறத்தாழ 135 கிலோமீட்டர். வெட்டவெளியில் நெடுநேரம் போனபின் எதிரே ஒரு மதில் எழுகிறது. சுற்றளவு 7 கிலோமீட்டர். வாசலைத் தாண்டினால் சில வீடுகள், கல்லில் பூவேலை செய்த ஒரு சமாதி, குருநானக் தங்கிச் சென்றதாகச் சீக்கியர்கள் போற்றும் குருத்துவாரா. மற்றதெல்லாம் சீமைக்கருவேலம். அதை அந்தப் பக்கத்தில் 'காண்டோ பாவள்', அதாவது பைத்தியக்கார வேலம் என்கிறார்கள். எவ்வளவு பொருத்தமான பெயர்!

இவ்வளவு பெரிய மதில் இத்தனை சிறிய ஊருக்கு எதற்கு? அன்று இது துறைமுகம். சிந்து நதியின் ஒரு கிளை இந்த வழியாகக் கடலுக்குப் போனது. நெல் விளைந்தது, சிந்து நாட்டிலிருந்து சரக்குப் படகுகள் வந்தன. நாளொன்றுக்கு லட்சம் கோரி வருமானம் வந்த ஊர் என்று இன்றும் சொல்வார்கள். கோரி என்பது கட்ச் நாட்டு வெள்ளிக்காசு. 1760களில் சிந்துவை ஆண்ட குலாம் ஷா கல்ஹோரா மேலே அணை போட்டு ஆற்றை மறித்தார். வயல் காய்ந்தது. ஆனாலும் படகுப் போக்குவரத்து நிற்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் 1801-இல் கட்ச் படைத்தலைவர் ஜமாதார் ஃபதே முகம்மது இந்த மதிலை எழுப்பினார்.

1819 ஜூன் 16. பூமி குலுங்கியது. வடக்கே சிந்திரி என்ற சிறு கோட்டை, நிலம் தாழ்ந்து தண்ணீருக்குள் போயிற்று. உள்ளே இருந்தவர்கள் ஒரு கோபுரத்தில் ஏறி நின்றார்கள். மறுநாள் படகு வந்து அவர்களை மீட்டது. அதற்கும் அப்பால், சமவெளியாகக் கிடந்த மண் நீளக் கரையாக மேடிட்டு, ஆற்றுக்குக் குறுக்கே நின்றது. மனிதன் போட்ட அணை அல்லவே இது என்று, மக்கள் அதை 'அல்லா பந்த்' என்றார்கள்: இறைவன் கட்டிய கரை. நதி வேறு வழி பார்த்துக்கொண்டது, வணிகர்களும் கிளம்பிவிட்டார்கள்.

மதில்மேல் ஏறி வடக்கே பாருங்கள். உப்புச்சேறு, அதற்கப்பால் வானம். என்னால் அங்கிருந்து சட்டென்று இறங்கிவர முடியவில்லை.

ஆனால் ரண் எனப்படும் அந்த உப்புச்சமவெளி வெறும் பாழ்நிலம் இல்லை. நல்ல மழை பெய்த ஆண்டில் அதில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அப்போது சுர்காப் வரும், நம் பூநாரைதான். சேற்றை அலகால் இழுத்துக் குவித்து, தலைகீழாகக் கவிழ்த்த பானைபோல ஒரு மேடு கட்டி, உச்சியில் குழித்து ஒரே ஒரு முட்டை இடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும்வரை நரி நெருங்காது. சீக்கிரம் வற்றினால் குஞ்சுகளின் கதி கஷ்டம். 1945-இல் அங்கே போன பறவையியலாளர் சாலிம் அலி, சுமார் 5 லட்சம் பூநாரைகள் இருக்கும் என்று மதிப்பிட்டார்.

அந்த இடம் எல்லைப் பகுதி, நாம் நினைத்தபடி போக முடியாது. அதனால் வருந்த வேண்டாம். கட்சிலேயே பன்னி என்ற புல்வெளியின் ஓரத்தில் சாரி தண்ட் இருக்கிறது. தண்ட் என்றால் ஆழமில்லாத ஏரி. 2008 முதல் அது பாதுகாக்கப்பட்ட இடம். டிசம்பர், ஜனவரியில் போங்கள். மழை பொய்த்த ஆண்டில் அங்கே வெடித்த தரைதான் இருக்கும், புஜ்ஜிலேயே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

மாலைவரை காத்திருங்கள். முதலில் சத்தம்தான் வரும், தொலைவில் பல எக்காளங்களை ஊதுவதுபோல. பிறகு வானத்தில் கோடுகள். 'குஞ்ச்' என்று ஊரார் சொல்லும் பெருங்கொக்குகள், வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வந்தவை, பகலெல்லாம் மேய்ந்துவிட்டு ஆயிரக்கணக்கில் இரவு தங்க இறங்கும். அதே நேரத்தில் கரையோரம் மணியோசை. பன்னி எருமைகள் இரவில் மேயும் வழக்கமுள்ளவை. பறவைகள் தண்ணீருக்குள் கால் வைக்க, எருமைகள் புல்வெளி பார்த்து நடக்கத் தொடங்கும்.