மருந்து என்னும் சொல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



விழிப்போடும் நிறைவோடும் வாழ்தல் குறித்துப் பேசுவோர் பெரும்பாலும் மூச்சைப் பற்றியும் தியானத்தைப் பற்றியுமே பேசுகின்றனர். அன்றாடம் வாயில் புழங்கும் சொல்லை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. ஆனால் ஒருவர் விடிந்தது முதல் உறங்கும் வரை எதனை அஞ்சுகிறார், எதனை அஞ்சாமல் தொடுகிறார், எங்கே கை கழுவுகிறார், எங்கே மறந்துவிடுகிறார் என்பதில் அந்தந்தப் பொருளுக்கு அவர் வைத்திருக்கும் பெயருக்குப் பெரும் பங்கு உண்டு. சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஏதேனும் ஓர் உரக்கடை வாசலில் சிறிது நேரம் நின்றால் போதும். 'புழுவுக்கு என்னண்ணே மருந்து இருக்கு?' என்று ஒருவர் கேட்பார். கடைக்காரர் ஒரு புட்டியை எடுத்து வைப்பார். அதன் மேல் ஒரு சாய்சதுரக் குறி இருக்கும். கடுமையான சரக்காயின் அதன் கீழ்ப்பாதி சிவப்பாகவும், மேற்பாதியில் மண்டையோடும் குறுக்கெலும்புகளும் 'நஞ்சு' என்னும் எச்சரிக்கையும் இருக்கும். கேட்ட சொல் மருந்து. கைக்கு வந்த பொருள் நஞ்சு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே இவ்வுரையின் பொருள்.

இப்பள்ளத்தாக்கில் அச்சொல் ஏன் இத்தனை புழக்கம் பெற்றது என்பதற்கு நிலமே விடை சொல்லும். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பிய பின், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல் ஆயிற்று. மேட்டில் கல்தூண் நட்டுப் பந்தலிட்ட திராட்சைத் தோட்டங்கள்; அவற்றின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மேற்கே மலையேறினால் ஏலத்தோட்டம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன்னே ஜீப்புகளில் பெண்கள் அத்தோட்டங்களுக்குப் போகின்றனர். நெல்லைக் காட்டிலும் திராட்சையும், திராட்சைக்கு இணையாக ஏலமும், தெளிப்பு மிகுதியாக நடைபெறும் பயிர்கள். ஆகவே 'மருந்து' இங்கே உப்பு, புளி போல அன்றாடச் சொல்.

அச்சொல் பொய்யாகப் பிறந்தது என்று கூறிவிடல் தகாது. திராட்சைக் கொடியை எடுத்துக்கொண்டால், அதன் முதற்பெரும் மருந்து உண்மையில் மருந்தே. பிரான்சு நாட்டின் போர்டோ வட்டாரத்தில், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்கும் பொருட்டு, சாலையோரக் கொடிகளின் மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசும் வழக்கம் இருந்தது. நோய் பரவிய காலத்தில் அக்கொடிகள் மட்டும் தப்பி நின்றதை மில்லார்தே என்னும் பேராசிரியர் கண்டு, 1885-இல் அக்கலவையை உலகறியச் செய்தார். திருடனை அஞ்சவைக்கப் பூசியது கொடிக்கு மருந்தாகிவிட்டது. கவிஞர்கட்கு இதனை விளக்க வேண்டியதில்லை. போர்டோ கலவை இன்றளவும் புழக்கத்தில் உண்டு. அது பூஞ்சை நோயைத் தடுப்பது. அதனை மருந்து என்பதில் பிழை சிறிதும் இல்லை.

பிழை பின்னர் வந்தது. 1930-களில் ஜெர்மனியில் பூச்சிகளைக் கொல்லும் வேதிப்பொருளைத் தேடிய ஷ்ராடர் என்னும் வேதியியலார், 1936-இல் தாபுன் என்னும் நரம்பு நஞ்சைக் கண்டறிந்தார். போர்க்கருவியாகிய அந்நஞ்சும், பின்னாளில் வயலுக்கு வந்த பல பூச்சிக்கொல்லிகளும் ஒரே குடும்பத்தவை. நரம்பு தான் அனுப்பிய செய்தியை அனுப்பி முடித்தபின் அடங்க வேண்டும். அவ்வாறு அடங்கச் செய்யும் நொதியை இவை முடக்கிவிடுகின்றன. அந்நொதி புழுவின் உடலிலும் உண்டு, புட்டியைத் திறப்பவர் உடலிலும் உண்டு. இப்பொருள்கள் கடைக்கு வந்தபோது, மயில்துத்தத்துக்குரிய பழைய பெயரே இவற்றின் மேலும் ஏறி அமர்ந்துகொண்டது.

வணிகரை மட்டும் குறை சொல்வதும் சரியன்று. தமிழில் மருந்து என்பது முன்பே அகன்ற சொல். அமிழ்தும் மருந்து, வெடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, ஒருவர் மனத்தை மாற்றச் சோற்றில் 'வைப்பதாக' ஊரார் நம்புவதும் மருந்து. நஞ்சு நுழைவதற்கு அச்சொல்லின் கதவு பாதி திறந்தே இருந்தது.

இங்கே இலக்கணத்தைச் சற்று நாடலாம். நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார். ஓலையைத் திருமுகம் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், கறுத்த ஆட்டை வெள்ளாடு என்பதும் மங்கலத்துக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஏட்டோடு நின்றுவிடாமல் வீட்டில் இன்னும் உயிரோடிருக்கும் இலக்கணம் இது. 'போகிறேன்' என்று கூறி எவரும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. 'போய் வருகிறேன்' என்றே இறங்குகின்றனர். விளக்கை அணைக்கச் சொல்லாமல் குளிர வைக்கச் சொல்லும் பாட்டிமார் இன்னும் உள்ளனர்.

எனின், நஞ்சை மருந்து என்பதும் மங்கலந்தானே என்று கேட்கலாம். கேட்கத் தக்க கேள்வியே. விடையை நல்ல பாம்பிடம் கேட்க வேண்டும். கொடிய பாம்பை 'நல்ல' பாம்பு என்று அழைத்தோர், அதன் நஞ்சை மறந்து அவ்வாறு அழைத்திலர். அப்பெயரைச் சொல்லும்போதே குரல் தாழ்கிறது. இரவாயின் அப்பெயரும் வாராது, 'பூச்சி' என்பர். பெயர் இனிதாயிற்று, அச்சம் குறையவில்லை. அம்மை நோயும் அவ்வாறே. நோய்க்குத் தாயின் பெயரைச் சூட்டிய வீட்டில் வாசலில் வேப்பிலை செருகப்படும்; தாளிப்பு நிற்கும்; வெளியார் வரவு நிற்கும்; பேச்சொலியும் தணியும். முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குச் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி ஏந்தி வருவோருள் அந்நோயிலிருந்து மீண்ட பிள்ளைக்காக நேர்ந்துகொண்டவரும் உண்டு. 'அம்மை' என்ற ஒரு சொல் வீட்டையே ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது. மங்கலச் சொல் கவனத்தைக் கூட்டுவது. 'மருந்து' கவனத்தைக் கலைத்துவிடுகிறது. வயலில் இருந்து திரும்பியவர் மருந்தைத் தானே தொட்டேன் என்று கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெற்றிலையை மடிப்பதும், காலியான புட்டியைக் கழுவி மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொள்வதும் அச்சொல்லுக்கு இயைந்த செயல்களே. மருந்துப் புட்டியைக் கழுவிப் பயன்படுத்தாத வீடு எது?

இது சிறு செய்தியன்று. 2013 ஜூலையில் பீகார் மாநிலத்தின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. தொலைவில் உள்ள ஊர், வேறு மொழி பேசும் ஊர். ஆயினும் அடுப்படிக்கும் உரக்கடைக்கும் இடையே இருக்க வேண்டிய சுவர் அங்கே இல்லாது போனது என்பது, இப்பள்ளத்தாக்கின் எந்த வீட்டுக்கும் அயலான செய்தி ஆகாது.

மருத்துவமனையில் இச்சொல்லின் முரண் உச்சத்தை அடைகிறது. துயரத்தில் ஒருவர் செய்துகொண்டதை உறவினர் 'மருந்தைக் குடிச்சிட்டாங்க' என்று சொல்லுகின்றனர். மருத்துவர் 'என்ன மருந்து?' என்று கேட்கிறார். பின்னர் அவர் எழுதிக் கொடுப்பதும் மருந்து. ஓர் அறைக்குள், ஒரே நாழிகையில், உயிரைப் பறிப்பதற்கும் மீட்பதற்கும் ஒரே சொல். வேறெந்த வீட்டுப் பொருளும் தமிழில் இத்தகைய நிலையில் இல்லை என்றே தோன்றுகிறது.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று வாதிடுவோர்க்கு இலங்கை ஒரு பாடம். அங்கு 1995 முதல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த பத்தாண்டில் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அங்கே காத்தது சட்டம். இலங்கைத் தமிழரும் சிங்களரும் அப்பொருளுக்குப் புதுப்பெயர் தேடிக்கொண்டிருந்திலர். இந்தியாவில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் உண்டு. புட்டியின் மேலுள்ள நிறக்குறிகள் அதன் கீழ் வந்த விதிகளால் அமைந்தவை. ஆனால் சட்டத்தின் கை வீட்டுப் பரண் வரை நீள்வதில்லை. பரணில் புட்டியை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பது வீட்டுப்பேச்சு.

வாயிலிருந்து ஒரு பழஞ்சொல்லை இறக்குவது இயலாத செயலும் அன்று. போடிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் பிறந்த நா. காமராசன், 'கறுப்பு மலர்கள்' எழுதிய காலத்திலேயே, ஊர் இழித்துரைத்த மாந்தர்க்குக் கவிதையில் இடம் கொடுத்தார். அவருள் ஒரு பிரிவினர்க்குப் பல்லாண்டுகள் கழித்துத் 'திருநங்கை' என்னும் பெயர் அரசு ஏட்டிலும் செய்தித்தாளிலும் வந்தமர்ந்தது. வசைச்சொல் முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆயினும் இன்று அதனைச் சொல்லுகிறவர் தாம் வசைபாடுகிறோம் என்று அறிந்தே சொல்லுகிறார். அந்த அறிதல் முன்பு இல்லை.

நஞ்சுக்கு மட்டும் ஏன் அது நிகழவில்லை? 'பூச்சிக்கொல்லி' பாடநூலில் உள்ளது. பிள்ளைகள் தேர்வில் எழுதுகின்றனர். வயலுக்கு வந்தால் மருந்து என்கின்றனர். சொல் நீளமாக இருப்பது காரணம் என்பாருண்டு. அது பொருந்தாது. 'களைக்கொல்லி'யும் அதே நீளம். அது வழக்கில் எளிதாகப் புகுந்துவிட்டது. காரணம் வேறு. களைக்கொல்லி களையின் மேல் விழுகிறது. களையை எவரும் உண்பதில்லை. மற்றது நெற்கதிரின் மேலும் திராட்சைக் குலையின் மேலும் ஏலச்சரத்தின் மேலும் விழுகிறது. பிள்ளை போல வளர்த்த பயிரின் மேல், நாளை யாரோ ஒருவர் வாயில் இடப்போகும் கனியின் மேல், 'கொல்லி' என்ற சொல்லை வீச உழவர் நா கூசுகிறது. அந்தக் கூச்சம் நல்ல கூச்சமே. தவறான இடத்தில் தங்கிவிட்டது, அவ்வளவே. அமெரிக்கரான ரேச்சல் கார்சன் 1962-இல் வெளியிட்ட தம் நூலில், இவற்றைப் பூச்சிக்கொல்லி என்பதும் போதாது, உயிர்க்கொல்லி என்பதே தகும் என்று வாதிட்டார். அத்தகைய சொல்லை இங்கே எந்த உழவர் தம் தோட்டத்தில் சொல்வார்?

உழவர் பேச்சைக் கூர்ந்து கேட்டால், அவர் அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருப்பது புலப்படும். மருந்தை உண்பர், கொடுப்பர், இடுவர், தடவுவர். இதனை மட்டும் 'அடிக்கின்றனர்'. 'இன்னைக்குப் பத்து டேங்க் அடிச்சாச்சு' என்பது மாலைநேரப் பேச்சு. பெயர் மறைத்ததை வினை காட்டிக்கொடுக்கிறது. அரசுத் துண்டறிக்கையோ 'தெளிக்கவும்' என்கிறது. வாசல் தெளிப்பதும் பன்னீர் தெளிப்பதும் அச்சொல்லில் மணக்கின்றன. இந்த ஓர் இடத்தில் கல்லாதார் வழக்கு கற்றார் வழக்கினும் நேர்மையுடையது.

கவிஞர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருந்து என்பது தமிழில் தனித்து வரும் சொல்லன்று. அதனோடு வேளை வரும், அளவு வரும், அனுபானம் வரும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பத்தியம் வரும். திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறது. சொல்லைப் பிடுங்க முடியாதெனில், அதன் சுற்றத்தை அழைத்து வரலாம். அடித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்று புட்டியில் சிற்றெழுத்தில் அச்சிட்டிருக்கும் காத்திருப்புக் காலத்தை, எவரும் படிப்பதில்லை. அதனையே 'பயிருக்குப் பத்தியம்' என்றால் எந்தப் பாட்டிக்கும் விளங்கும். பத்தியம் முறிந்தால் என்ன ஆகும் என்பதை இப்பள்ளத்தாக்கில் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

கோ. நம்மாழ்வார் 2013-இல் மறையும் வரை ஊர் ஊராக நடந்து, உழவர் பேச்சிலேயே இயற்கை உழவை எடுத்துரைத்தார். அவ்வழி நிற்போர் 'கொல்லி'யையும் விடுத்து, 'பூச்சிவிரட்டி' என்னும் சொல்லைப் புழக்கத்தில் விட்டிருக்கின்றனர். விரட்டப்பட்டது எங்கோ உயிரோடு இருக்கும் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் இருக்கிறது. இஞ்சியும் பூண்டும் பச்சைமிளகாயும் அரைத்து ஊறவைத்ததும், வேப்பங்கொட்டையை இடித்து வடித்ததும் அவர்தம் விரட்டிகள். இஞ்சியும் பூண்டும் வேம்பும் தலைமுறை தலைமுறையாக மனிதர்க்கு மருந்தாய் நின்றவை. ஆனால் வயலில் இவற்றை எவரும் மருந்து என்று அழைப்பதில்லை. 'கரைசல்' என்கின்றனர்.