அடுக்களைச் சிக்கனம்

சாப்பாட்டுச் செலவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

பாலக்காட்டில் வேலந்தாவளம் சந்தை. இடுக்கியில் வட்டவடை, காந்தலூர் தோட்டங்கள். எல்லையோரத்தில் இருக்கும் நமக்குக் காய்கறி பக்கத்திலேயே கிடைக்கிறது. நாலு அகத்தார் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பங்கிட்டால் ஆட்டோக் கூலியும் பங்காகிவிடும். சக்கையைக் கேரளம் 2018-இல் மாநிலப் பழமாக அறிவித்தது. நம் பாட்டிகள் அதற்கு முன்பே எரிசேரி, வரட்டி என்று கொட்டையைக்கூட விட்டதில்லை. இன்று அது கொல்லையில் விழுந்து அழுகுகிறது.

அடுத்தது கேஸ். தண்ணீர் கொதித்தபின் தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆவிதான் அதிகம் போகும். பருப்பை ஊறவையுங்கள். குக்கரில் விசில் வந்ததும் தீயைத் தணியுங்கள்.

ஹோட்டலில் பில்லைப் படித்துப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வெளியிட்டது. டில்லி உயர்நீதிமன்றம் 2025-இல் அதை உறுதி செய்தது. தயங்காமல் நீக்கச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, "இரண்டு பேருக்கு எதற்குக் கூட்டும் கறியும்?" என்று மோர்சாதமும் ஊறுகாயுமாக நாளை ஓட்டும் அகங்கள் நம்மிடையே உண்டு. இது சிக்கனம் ஆகாது. வயதான காலத்தில் புரதம் குறைந்தால் தசை தளரும், கால் தடுமாறும். மிச்சம் பிடித்த காசு ஆஸ்பத்திரிக்குப் போகும். அடுத்த அகத்தாரோடு முறை வைத்துக்கொண்டு ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர்கள் என்று சமையுங்கள். செலவும் குறையும்; பேச்சுத் துணையோடு சாப்பிடலாம்.