சூழலியல் படித்த பிள்ளைக்கு முதல் வேலை எங்கே?

(கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மருத்துவம், பொறியியல், கணக்குத் தணிக்கை என்றால் வழிகாட்ட நம் ஊரில் பலர் இருக்கிறார்கள். விலங்கியலோ தாவரவியலோ முடித்துவிட்டு, "பறவைகளை ஆராயப் போகிறேன், காட்டுக்குப் போகப் போகிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை. வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பது. நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

சுருக்கமான பதில் இதுதான். வேலை இருக்கிறது. ஆனால் வங்கித் தேர்வு போல ஒரே வாசல் வழியாக அது வராது. எம்.எஸ்சி. முடித்த நாளிலிருந்து பிஎச்.டி.யில் சேரும் நாள் வரை உள்ள ஒன்றிரண்டு ஆண்டுகள்தான் இந்தத் துறையில் கடினமான காலம். திறமையான பிள்ளைகள் பலர் விலகிப் போவது அங்கேதான். அறிவு போதாமல் அல்ல, அந்த இடைவெளியைக் கடக்க வழி தெரியாமல்.

இந்தியாவின் பறவை மனிதர் என்று போற்றப்படும் டாக்டர் சாலிம் அலியின் வாழ்க்கையைப் பாருங்கள். 1896-ல் பம்பாயில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து மாமா வீட்டில் வளர்ந்தவர். முறையான பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பறவையியலாளர் பணி கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்க உரையாளராகச் சேர்ந்தார். பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லினுக்குச் சென்று, பேராசிரியர் ஸ்ட்ரெஸமானிடம் பயிற்சி பெற்றார். 1930-ல் திரும்பி வந்தபோது, பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தூக்கணாங்குருவிகளை உற்றுக் கவனித்து எழுதிய ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பின்னர் ஹைதராபாத், திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். 1976-ல் பத்ம விபூஷண் அவரைத் தேடி வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் கணக்கெடுப்புகளைச் சம்பளம் வாங்காமல், செலவுக்கு மட்டும் பணம் பெற்றுச் செய்தார். அவருடைய குடும்பம் அதைத் தாங்கியது. நம் வீடுகளில் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நம் பிள்ளைகள், படிப்பும் வருமானமும் சேர்ந்து வரும் வழியைத் தேட வேண்டும். இன்று அப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, தேசியத் தேர்வு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வின் உயிர் அறிவியல் தாளில் சூழலியலும் பரிணாமமும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர்கள் யு.ஜி.சி. நெட் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். தகுதியோடு வென்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், விதிப்படி வீட்டு வாடகைப் படியும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அது 42,000 ஆகும்.

இங்கே நம் குடும்பங்கள் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்துவிட்டது. அதை நம்பி இனி யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனால் ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை சமுதாயத்தினர் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். மாநில அரசுக்காக வாங்கி வைத்திருக்கும் பி.சி. முஸ்லிம் சான்றிதழ் அங்கே செல்லாது. வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று காட்டும், மத்திய அரசு படிவத்தில் உள்ள ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்பத் தேதி நெருங்கும்போது தாலுகா அலுவலகத்துக்கு ஓடாமல், முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இரண்டாவது வழி, ஆய்வுத் திட்டப் பணி. ஒரு விஞ்ஞானிக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நிதி கிடைக்கும். யானை வழித்தடமோ, சோலைக்காட்டுத் தவளையோ, பவளப்பாறையோ அவருடைய ஆய்வாக இருக்கும். களத்தில் வேலை செய்ய அவருக்கு ஆள் வேண்டும். நெட் எழுதாதவர்களும் இதில் சேர முடியும். கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையம், டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையம், இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம், ஏட்ரீ, மைசூரில் உள்ள இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம், திருப்பதி ஐசர், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சென்னை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றைப் பிள்ளைகள் குறித்து வைத்துக்கொள்ளட்டும். இவற்றின் வேலை அறிவிப்புகள் அவரவர் இணையதளத்தில்தான் வரும். விண்ணப்பிக்கப் பத்துப் பதினைந்து நாள்தான் இருக்கும். வாரம் ஒருமுறை பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது வழி, நேரடியாகக் கடிதம் எழுதுவது. எல்லா இடங்களும் விளம்பரத்துக்கு வருவதில்லை. ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக் கட்டுரை ஒன்றிரண்டைப் படித்துவிட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். அதில் நான் யார், உங்கள் ஆய்வில் எது என்னை ஈர்த்தது, எனக்கு என்ன வேலை தெரியும் என்ற மூன்றும் இருந்தால் போதும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை பணிவாக நினைவூட்டலாம். பதில் வராததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"எனக்கு என்ன தெரியும்" என்ற இடத்தில் என்ன எழுதுவது? புள்ளியியல், ஆர் என்ற கணினி மொழி, வரைபட மென்பொருள் ஆகியவற்றை இலவசமாகவே கற்க முடியும். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம். ஊர்க் குளத்துப் பறவைகளை ஓராண்டு தொடர்ந்து குறித்து வைத்திருந்தால், அதுவே நல்ல சான்று. தமிழ் பேசத் தெரிவதும் ஒரு தகுதிதான். ஆனைமலையிலோ மன்னார் வளைகுடாவிலோ மீனவரிடமும் விவசாயியிடமும் பேசிக் கணக்கெடுக்க, வெளிமாநில ஆய்வுக்குழுவுக்குத் தமிழ் தெரிந்தவர் தேவை. பெங்களூரில் ஆண்டுதோறும் நடக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாடு, விஞ்ஞானிகளை நேரில் சந்திக்க நல்ல இடம்.

இன்னும் பட்டப்படிப்பில் இருப்பவர்களுக்கு: மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் எம்.எஸ்சி. இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது.

வெளிநாடு போக விரும்புவோருக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் இந்தத் துறையின் பிஎச்.டி. மாணவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இருக்காது. கற்பித்தலுக்கோ ஆய்வு உதவிக்கோ மாதந்தோறும் பணம் தருவார்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் பிஎச்.டி. என்பதே பெரும்பாலும் சம்பளத்துடன் கூடிய ஒப்பந்த வேலை. ஆகவே இதற்காக நகையை அடகு வைக்கச் சொல்லும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். "பதிவுக் கட்டணம் கட்டு, ஆய்வு வேலை தருகிறோம்" என்பவர்களிடமிருந்தும் விலகி நில்லுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் கவலைகளுக்கும் வருகிறேன். மகளைக் களப்பணிக்கு எப்படி அனுப்புவது? தயங்காமல் கேளுங்கள்: தங்குமிடம் எங்கே, உடன் பெண்கள் இருக்கிறார்களா, இரவுப் பணி உண்டா, அவசரத்துக்கு மருத்துவமனை எவ்வளவு தூரம்? 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிய புகார்க்குழு இருந்தாக வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்று கேட்பது உங்கள் உரிமை. நோன்புக் காலக் களப்பணி, உணவு பற்றியும் சேரும் முன்பே பேசிவிடலாம். சம்பளம், கால அளவு, காப்பீடு ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வருவதும் உண்டு. மூன்று மாதச் செலவுக்கு ஏற்பாடு செய்துகொண்டு அனுப்புங்கள்.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் தயங்குகிறார்கள். அந்த ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் நடப்பது என்ன என்று பாருங்கள். கிருமிகளுக்கு மருந்து ஏன் பலிக்காமல் போகிறது, கொசுவுக்குப் பூச்சிமருந்து ஏன் உறைப்பதில்லை, குளவிக் கூட்டில் ராணி எப்படி உருவாகிறது என்றெல்லாம் அளந்து பார்க்கிறார்கள். பிள்ளையுடன் உட்கார்ந்து பேசுங்கள். பேசாமலே கதவை அடைத்துவிட வேண்டாம்.

நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. இந்திய வனப்பணித் தேர்வு, தமிழக வனத்துறைத் தேர்வுகள், கல்லூரி ஆசிரியர் பணி, தொண்டு நிறுவனங்கள், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, தரவுப் பகுப்பாய்வு என்று பல இருக்கின்றன.

நிறைவாக இரண்டு வேண்டுகோள். பெற்றோர்களே, எம்.எஸ்சி. முடித்த பிள்ளைக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுங்கள். அதற்குள் என்ன செய்வான், என்ன செய்வாள் என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் திருமணப் பேச்சாலும் கிடைத்த வேலையாலும் நெருக்காதீர்கள். அறக்கட்டளை நிர்வாகிகளே, கல்விக் கட்டணம் தருகிறீர்கள், நன்று. நேர்காணலுக்கு டேராடூன் போய்வரும் ரயில் செலவும், முதல் உதவித்தொகை வரும் வரை மூன்று மாதத்துக்கான கடனும் தருவீர்களானால், ஒரு பிள்ளை துறையை விட்டு விலகாமல் காப்பாற்றப்படும். தொகை சிறியது. அது எட்ட வேண்டிய நேரம்தான் முக்கியம்.