பால்வாடி ஆசிரியையும் இளங்குடும்பமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைக் கல்வியைப் பற்றிச் சில சொற்கள் சொல்லுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நான் புகைவண்டி நிலையத்துச் சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன்; பத்தாம் வகுப்பிற்கு மேல் படித்தவன் அல்லன். இந்த அவையிலோ அணுமின் நிலையத்திலும் தொழிற்பேட்டையிலும் பெரும்பொறுப்பு வகிக்கும் கற்றறிந்தோர் பலர் அமர்ந்திருக்கின்றனர். ஆயினும், நம் சங்கத்துப் பால்வாடியின் வரவு செலவுப் பேரேடு மூன்றாண்டுகளாக என் கையில் இருந்து வருகிறது. எனக்கு வார ஓய்வு வேலைநாளில் வருவதால், பல காலைப்பொழுதுகளை அவ்வறையின் மூலையில் ஒரு முக்காலியில் அமர்ந்து கழித்திருக்கிறேன். அங்கே கண்டவற்றையும், அதைப்பற்றிப் படித்தறிந்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

நாம் பிழைக்க வந்த இந்தப் பால்கர் மாவட்டத்திற்கு ஒரு பெருமை உண்டு. அதை நம்மில் பலர் அறியோம். போய்சரிலிருந்து வடக்கே வண்டியேறினால் வான்காவ், டஹாணு ரோடு, அதற்கப்பால் கோல்வட். கோல்வட்டில் இறங்கிச் சிறிது தூரம் சென்றால் கடலோரத்தில் போர்டி என்னும் ஊர். அவ்வூரில்தான் 1945-ஆம் ஆண்டில் தாராபாய் மோடக் அம்மையார் கிராமத்துக் குழந்தைகளுக்கென ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார். 1892-இல் பம்பாயில் பிறந்த இவ்வம்மையார், இராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். அந்த உயர்ந்த வேலையை உதறிவிட்டுப் பாவநகருக்குச் சென்று கிஜுபாய் பதேகாவுடன் சேர்ந்தார். கிஜுபாயோ வழக்கறிஞர். தொழிலைக் கைவிட்டு 1920-இல் அங்கே குழந்தைகள் பள்ளி தொடங்கியவர். அவரைப் பிள்ளைகள் "மீசை வைத்த அம்மா" என்றே அழைத்தார்களாம். ஓர் ஆண்மகனுக்கு இதனினும் சிறந்த பட்டம் வேறு உண்டோ என்று நான் வியப்பதுண்டு.

போர்டியைச் சுற்றியுள்ள வார்லிப் பழங்குடி மக்களின் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. காரணத்தை அம்மையார் வீடுவீடாகச் சென்று கண்டறிந்தார். தாய் கூலி வேலைக்குப் போகிறாள். மூத்த பெண் கைக்குழந்தையை இடுப்பில் சுமந்து நிற்கிறாள். பையன் மாடு மேய்க்கிறான். குழந்தை பள்ளிக்கு வராவிடில் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று, அவர்கள் குடிசைகளின் முற்றத்திலேயே வகுப்பை நடத்தினார். மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் சொல் பிறந்த கதை இதுவே. கைக்குழந்தைக்குக் காப்பகம், அதனை ஒட்டிப் பால்வாடி, அதனை ஒட்டித் தொடக்கப்பள்ளி என்று மூன்றையும் ஓரிடத்தில் அமைத்ததால், தம்பியைச் சுமந்த அக்காளும் எழுதப் படிக்க வந்தாள். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு மேய்ச்சல் நிலத்திலேயே பள்ளி நடந்தது.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தது உங்களில் சிலர்க்குத் தெரிந்திருக்கும். அவர் முறையில் கையாளும் கருவிகள் விலை மிக்கவை. தாராபாய் அம்மையார் அந்த முறையின் கருத்தை ஏற்றுக்கொண்டு, கருவிகளுக்குப் பதிலாகக் கிளிஞ்சலையும் விதைகளையும் கூழாங்கற்களையும் குழந்தைகளின் கையில் கொடுத்தார். அவருக்குத் துணையாக வந்தவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமுடித்துச் சில திங்களிலேயே கணவனை இழந்தவர். தாமே முயன்று படித்து ஆசிரியையானவர். 1957-இல் இந்நிலையம் கோஸ்பாட் குன்றிற்கு மாறியது. தாராபாய் 1973-இல் மறைந்த பின்னும், 1992-இல் தாம் மறையும் வரையில் அனுதாய் அப்பணியைத் தாங்கி நின்றார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் இந்திய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டம், அம்முற்றத்துப் பள்ளியின் பெயரையே ஏற்றது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் உள்ளன. நம் தமிழ்நாட்டில் மூலை முடுக்கெல்லாம் வழங்கும் அச்சொல், நமக்கு இரண்டு மூன்று நிலையங்கள் தள்ளியுள்ள ஊரில் வளர்ந்த சொல் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி நம் காலனிக்கு வருவோம்.

வார்லித் தாய்க்கு வறுமை இடர். நம் காலனித் தாய்க்குத் தனிமை இடர். திருநெல்வேலிச் சீமையிலோ தஞ்சையிலோ வளர்ந்த பெண், திருமணமான மறு திங்களே இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் வந்து குடியேறுகிறாள். தெருவில் இந்தி, கடையில் மராத்தி, மருத்துவமனையில் ஆங்கிலம். பிள்ளைப்பேற்றிற்கு ஊருக்குப் போகிறாள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையுடன் திரும்புகிறாள். அதன்பின் அவளுக்குத் தாயும் இல்லை, மாமியாரும் இல்லை. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு 180 நாள் பேறுகால விடுப்பு உண்டு. தந்தைக்கு 15 நாள். 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி தனியார் தொழிலகத்துப் பெண்ணுக்கும் முதலிரண்டு பேற்றிற்கு 26 வாரம் உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் இவை எவ்வளவு நடைமுறைக்கு வருகின்றன என்பதை, இங்கே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பாட்டியர் இருந்த வீட்டில் என்ன நடந்தது? நம் புலவர்கள் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். செங்கீரை என்றார்கள், ஐந்தாம் மாதத்தில் குழந்தை கையூன்றித் தலைதூக்கி ஆடும் பருவம். சப்பாணி என்றார்கள், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் பருவம். ஓராண்டை ஒட்டி நடந்து வரும் வருகைப் பருவம். குழந்தை எப்பொழுது என்ன செய்யும் என்பதை இலக்கியத்திலேயே வரிசைப்படுத்தி வைத்த மக்கள் நாம். பாட்டிக்கு அந்நூல் தெரியாவிடினும் அவ்வரிசை தெரியும். "பிள்ளை இன்னும் கவிழவில்லையே" என்று முதலில் சொல்பவள் அவளே. "கொஞ்சம் பொறு, வரும்" என்று தேற்றுபவளும் அவளே. இன்று அந்த இடத்தில் கைபேசி இருக்கிறது. அது ஆயிரம் சொல்கிறது. ஆனால் அதற்கு இந்தக் குழந்தையைத் தெரியாது.

நம் பால்வாடி ஆசிரியை அந்த வெற்றிடத்தில்தான் நின்று வேலை செய்கிறார். நாமோ அவர் பாட்டும் விளையாட்டும் சொல்லித் தருகிறார் என்று எண்ணுகிறோம். நான் கண்ட சிலவற்றைக் கூறுகிறேன்.

சென்ற ஆனித் திங்களில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். தாய் வாசலைத் தாண்டியதும் அவன் அழுத அழுகை நிலையத்து ஒலிபெருக்கியையும் விஞ்சியது. "நீங்கள் பார்க்காதபோது நழுவி விடுகிறேன்" என்றார் தாய். ஆசிரியை ஒப்பவில்லை. "நழுவினால், நாளை உங்களைக் கண்ணிமைக்காமல் காவல் காப்பான். சொல்லிவிட்டே போங்கள், சொன்ன நேரத்திற்கு வாருங்கள்" என்றார். முதலிரண்டு நாள் தாயை அறைக்குள்ளே அமர்த்தினார், பிறகு தாழ்வாரத்தில், பிறகு வாயிற்கதவருகே. ஒன்பதாம் நாள் அவன் தானே கையசைத்து வழியனுப்பினான். அத்தாய் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாராம்.

மற்றொரு பிள்ளை பேசுவதே இல்லை. "பல மொழி பேசினால் குழந்தை குழம்பிப் போகும்" என்று யாரோ கூறியதைக் கேட்டுப் பெற்றோர் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டுத் தமக்கே சரிவரத் தெரியாத ஆங்கிலத்தில் அவனிடம் பேசிவந்தனர். ஆசிரியை முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்பினார். காது நன்றாக இருக்கிறது என்று வந்தது. அதன்பின் தாயை அழைத்து, "உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள். குளிப்பாட்டும்போது பேசுங்கள், காய் நறுக்கும்போது பேசுங்கள். இந்தியும் மராத்தியும் தெருவில் தாமே வரும்" என்றார். நான்கைந்து திங்கள் சென்றபின் ஒருநாள் வகுப்பில் அவன் வாய் திறந்து, "டீச்சர், என் செருப்பை இவன் போட்டுக்கிட்டான்" என்று முறையிட்டான். அறையில் இருந்தவர் அனைவரும் அந்த வழக்கைக் கொண்டாடினோம். செருப்பை எடுத்தவன் ஒருவன்தான் திகைத்து நின்றான்.

மூன்றாவது செய்தியைச் சற்றுத் தயக்கத்துடனேயே சொல்கிறேன். மூத்த குழந்தையை விட வரும் ஓர் இளந்தாய். இரண்டாவது குழந்தை பிறந்து இரண்டு திங்கள். தலை வாராமல், யாருடனும் பேசாமல், குழந்தையின் முகத்தையும் பாராமல் வந்து போனார். நாங்கள் எல்லோரும் உறக்கக் குறைவு என்று விட்டுவிட்டோம். ஆசிரியை அவரை உள்ளே அமர்த்தித் தேநீர் கொடுத்து, அரைமணி நேரம் தம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று மாலையே கணவருக்குச் சொல்லியனுப்பி, இருவரையும் மருத்துவரிடம் போகச் செய்தார். பிள்ளை பெற்றபின் தாய்க்கு வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. அது சோம்பலும் அன்று, பேயும் அன்று. இரவு ஷிப்டு முடிந்து வரும் அக்கணவர் அதன்பின் நாள்தோறும் மூத்த குழந்தையைத் தாமே அழைத்து வந்தார். அன்று ஆசிரியை கவனியாது விட்டிருந்தால் அவ்வீட்டில் என்ன நேர்ந்திருக்குமோ, நான் எண்ணிப் பார்க்கவும் அஞ்சுகிறேன். இப்பொழுது அத்தாய் நலமாக இருக்கிறார். அவர் இசைவு பெற்றே இதனைச் சொல்கிறேன்.

பெற்றோர் சிலர் என்னிடம், "பால்வாடியில் ஏன் எழுத வைப்பதில்லை? பக்கத்துப் பள்ளியில் எல்.கே.ஜி. குழந்தை நூறு வரை எழுதுகிறதே!" என்று கேட்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் பென்சிலைப் பற்றும் வலிமை பெறுவது களிமண்ணைப் பிசைவதாலும், காகிதத்தைக் கிழித்து ஒட்டுவதாலும், மணி கோப்பதாலும் ஆகும். பாத்திரத்திலிருந்து பாத்திரத்திற்குச் சிந்தாமல் நீர் ஊற்றும் பிள்ளை, கண்ணும் கையும் ஒத்துழைக்கக் கற்கிறது. புளியங்கொட்டையைப் பெரியது சிறியது என்று பிரிக்கும் பிள்ளை கணக்கு கற்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் 3 முதல் 8 வயது வரையிலான ஐந்தாண்டுகளை ஒரே அடிப்படைப் பருவமாக வைத்து, விளையாட்டின் வழியே கற்பிக்கச் சொல்கிறது. மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டிற்கு மேல் ஆறு வயதிற்குள் நிகழ்ந்துவிடுகிறது என்றும் கூறுகிறது. இதைக் கேட்டவுடன், ஆறு வயதிற்குள் எல்லாப் பாடத்தையும் திணித்துவிட வேண்டும் என்று பொருள் கொள்ளும் பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களோடு வழக்காட எனக்குத் தெம்பில்லை. ஆசிரியைக்கு இருக்கிறது.

இப்பொழுது கணக்குப்பிள்ளையாகச் சிறிது பேசுகிறேன். நம் சங்கம் இந்த ஆசிரியைக்கு மாதந்தோறும் கொடுக்கும் தொகை, இந்தக் கூடத்தின் இரவுக் காவலாளிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. காவலாளிக்குக் குறைக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. "சேவை மனப்பான்மை" என்னும் சொல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் விஷயத்தில் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக நம் வாயில் வருகிறது என்பதே என் வினா. நாடு முழுவதும் இதே நிலைதான். அங்கன்வாடிப் பணியாளர் பெறுவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை. மதிப்பூதியம் என்று பெயர். அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022-ஆம் ஆண்டில்தான். திட்டம் தொடங்கி 46 ஆண்டுகள் கடந்த பின்னர். அரசு செய்யட்டும் என்று நாம் காத்திருக்கலாம். ஆனால் நம் பால்வாடிக்கு நாமே அரசு.

அவ்வறையைத் தனிப்பயிற்சி வகுப்பிற்கு வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நல்ல வருவாய் கிடைக்கும் என்று ஒரு யோசனை வந்துள்ளது. யோசனை கூறியவர் சங்கத்தின் நலம் விரும்பியே கூறினார். கூரை பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு அவ்வறை பூட்டியிருந்தால், குழந்தைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அவர்களை விட வரும் தாய்மார் போவதற்கு வேறு வாசல் இல்லை. பேரேட்டில் அதற்கு ஒரு பத்தி நான் இதுவரை எழுதியதில்லை. எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

ஆகவே வரும் பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறேன். பொங்கல் விழாவில் பட்டாசுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் தொகையில் பாதியை ஆசிரியையின் சம்பளத்தில் சேர்ப்பது. ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கட்டணத்தைப் பாதியாக்குவது. மாதம் ஒரு ஞாயிறு மாலை அவ்வறையை இளந்தாய்மார் கூடிப் பேசுவதற்கு விட்டுவைத்து, பேரப்பிள்ளை பெற்ற நம் மூத்த பெண்மணிகள் இருவர் அங்கே வந்து அமர்வது. தந்தையரும் வரலாம், கிஜுபாயை நினைவூட்டிக் கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கின் படியும் தீர்மானத்தின் படியும் கூடத்தின் வாயிலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். கையொப்பமிட விரும்புவோர் விருந்துக்குச் செல்லும்முன் இட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன். பேனா கட்டி வைத்திருக்கிறது.