வெள்ளியரசனின் மூச்சு

புளோரிடாக் கடலில் ‘வெள்ளியரசன்’ எனப் பெயர்பெற்ற டார்ப்பன் மீன் தூண்டிலோடு துள்ளியெழும்போது, தூண்டிற்காரர் கோலைத் தாழ்த்துவர். அரசனுக்கு வணக்கமாம்! உண்மையிற் கயிறு அறாதிருக்கவே இவ்வணக்கம்.

டார்ப்பனின் காற்றுப்பை நுரையீரல்போலவும் தொழிற்படுவது. பிராணவாயு குறைந்த உப்பங்கழியிலும் அம்மீன் மேலெழுந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். தூண்டிலிற் சிக்கியபோதும் அவ்வாறே மூச்செடுத்துப் புதுவலிமை பெறும். ஆதலாற் போராட்டம் மணிக்கணக்கில் நீள்வதுமுண்டு. அந்த நீட்சியே அதற்கு வினையாகிறது.

2013 முதல், சாதனைப் பதிவை நாடி அனுமதிச் சீட்டுப் பெற்றோரொழிய ஏனையோர் பிடித்த டார்ப்பனை விட்டுவிடவேண்டுமென்பது அங்குள்ள விதி. விட்டாற் போதுமா? வலிய கயிறு பூட்டிப் போரை விரைந்து முடிப்பவரே நல்ல தூண்டிற்காரர் என்பேன். போக்கா கிராண்டே நீர்வாயிலில், நெடுநேரம் இழுபட்டுக் களைத்த மீனைச் சுறாக்கள் பற்றிக்கொள்கின்றன.